தண்ணீர் வரும் பக்கங்கள்

அண்ணாச்சி ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. வத்தல் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு கை சரக்கை உருவிப் பார்ப்பார்களே, அதுபோல நடுவில் எங்கேயோ கட்டை விரலைச் செருகித் திறப்பார். இரண்டு பக்கம் ஓடும். மூடுவார். இன்னோர் இடத்தில் ஒரு குத்து. கடைசிப் பக்கத்துக்குக் கிட்டே இன்னொன்று. தீர்ப்பு உடனே வந்துவிடும்.

"இதுல தண்ணி இல்ல, சாமி."

எழுதினவர் பனிமலைகளில் ஏறிக் கால்விரல்களைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். கயிறு அறுந்து அந்தரத்தில் தொங்கினவராக இருக்கலாம். அண்ணாச்சிக்கு அதெல்லாம் சண்டு, வெறும் பதர். புத்தகம் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்விடும்.

தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கத்தின் மேல்மூலையை மடக்குவார். நடக்கிறவன் ஓடையைக் கண்டு குனிகிற இடம், பாறையிடுக்கில் சொட்டுவதைத் தகரக் குவளையில் பிடிக்கிற இடம், கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டிப் பனியை உருக்கிக் காத்திருக்கிற இடம். சில புத்தகங்கள் இப்படி மடங்கி மடங்கி மேலே தடித்து, தலைப்பாகை கட்டினது போல் இருக்கும். அவற்றைத்தான் இரண்டாம் தடவை படிப்பார். அதுவும் மடக்கின பக்கங்களை மட்டும்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் கடைக்குக் கடை அந்தப் பெயரில் ஒருவர் உண்டு. வத்தல், மல்லி, புளி மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ வந்த குடும்பம். மலையாளத்தில் பேரம் பேசி, தமிழில் கோபப்பட்டு, ஆங்கிலத்தில் மலை ஏறுகிறவர். அவர் நிஜமாக ஏறின உயரமான இடம், எனக்குத் தெரிந்து, அவர் கடையின் மச்சு. அதற்கும் ஏணியின் பாதியில் நின்று மூச்சு வாங்குவார்.

நாங்கள் இரண்டு பேரும் டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுநீரகம் இரண்டும் ராஜிநாமா கொடுத்துவிட்டால், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டு, கையில் இரண்டு தடிமனான ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை ஒரு குழாயால் வெளியே எடுத்து, இயந்திரத்தில் அலசி, இன்னொரு குழாயால் உள்ளே விடுவார்கள். அரை நாள் போய்விடும். வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டு, வெளுத்து வரும்வரை கோவணத்தோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிற கதைதான். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், மற்றவர்களுடைய சிறுநீரகம் நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினவன். பகவானுக்கு என்னைவிட நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஊசி ஆரம்பத்தில் வலித்தது. பிறகு அந்த இடம் மரத்துவிட்டது. பிறகு, எப்போது என்று தெரியவில்லை, மற்ற இடங்களும். யாராவது "எப்படி இருக்கேள்?" என்று கேட்டால் ஒரு ஜோக் சொல்வேன். ஜோக் மட்டும்தான் மரக்காமல் இருந்தது. அதுவும் ஒரு மாதிரி மரப்புதானோ என்னவோ.

வலியல்ல, தாகம்தான் எங்கள் விஷயம். சிறுநீர் பிரியாதவன் குடிக்கிற தண்ணீர் வெளியே போவதில்லை. காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நுரையீரலில். ஆகவே காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் சொச்சம். திருவனந்தபுரத்து மீன மாசப் புழுக்கத்தில் அரை லிட்டர்! எந்த வீட்டுக்குப் போனாலும் "வெள்ளம் எடுக்கட்டே?" என்று கேட்டுக்கொண்டே சீரகத் தண்ணீரோடு வந்து நிற்கிற ஊர் இது.

என் அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அறையிலிருந்து பஞ்சபாத்திரத்தையும் உத்தரணியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சந்தியாவந்தனத்தில் ஆசமனம் பண்ணுகிற குட்டிக் கரண்டி. ஓர் உத்தரணி ஜலத்தில் நாக்கு நனையும், தொண்டைக்குத் தெரியாது.

"தாகம் எடுத்தா மூணு உத்தரணி, அச்யுத அனந்த கோவிந்தான்னு சொல்லிண்டு. பாத்திரம் காலியானா அன்னிக்கு அவ்வளவுதான்."

"அம்மா, பூணூல் போட்டதுலேர்ந்து நான் சந்தியாவந்தனம் பண்ணினதே இல்லையேம்மா."

"அதான் பகவான் மொத்தமா வாங்கிக்கறார்."

இதை வார்டில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. உத்தரணியை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது சாலைக் கடைத்தெருவில் வாங்கின புதுப் பித்தளை உத்தரணி ஒன்று அவர் சட்டைப்பையில், பேனா செருகுகிற இடத்தில், தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்ம ஆளுக இதை எதுக்குக் கண்டுபிடிச்சாவளோ, நமக்கு ஆச்சு."

வார்டை அவர் கூடாரம் என்பார். ஏ.சி. அப்படி. ரத்தம் வெளியே போய் வருவதில் உடம்பு சில்லிட்டுவிடும். கம்பளி, காலுறை, தலையில் குரங்குத் தொப்பி. வெளியே சாலை உருகும். உள்ளே நாங்கள் வரிசையாக, பனிப்புயலில் மாட்டிக்கொண்ட யாத்திரிகர்கள் மாதிரி கிடப்போம். இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் ஷெர்பா. "நம்ம சொமையை அவன்தான தூக்குதான்." எனக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால், "உயரம் ஒத்துக்கல. ரெண்டு அடி இறங்கிப் படும்" என்பார். நான் தலையணையை உருவிவிட்டுப் படுப்பேன். வேடிக்கை என்னவென்றால், மருத்துவமும் அதுவேதான்.

மலையில் ரொம்ப உயரம் போனால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளுமாம். ஒரு நாள் அதைப் படித்துவிட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சாமி, கேட்டீரா? இவம் ஒரு மாசம் நடந்து, ஏணி போட்டு, கயிறு கட்டி மேல போயி இதை வாங்கியிருக்கான். நாம ரெண்டுபேரும் கடல் மட்டத்துல, செருப்பு தேயாம சாதிச்சுட்டோமே!"

அன்று சிரித்த சிரிப்பில் என் ஊசி நகர்ந்து அலாரம் அடித்தது. சிஸ்டர் ஓடிவந்தாள். கோட்டயம் பக்கத்துப் பெண். எங்கள் இரண்டு பேரையும் மேய்ப்பது அவள் தலையெழுத்து. "ரண்டாளும் மிண்டாதெ கிடக்கு!" என்று ஒரு அதட்டல். பேசாமல் கிடந்தோம், பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட பையன்கள் மாதிரி.

அண்ணாச்சிக்கு ஓர் ஆசை இருந்தது. அதை ஆசை என்று சொல்லாமல் ஏற்பாடு மாதிரி சொல்வார். இறந்துபோகிறவர்களிடமிருந்து சிறுநீரகம் கிடைப்பதற்கு ஒரு சர்க்கார் வரிசை உண்டு. அதில் பெயர் கொடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் கொடுக்க யாரும் இல்லை. மனைவிக்குச் சர்க்கரை, மகனுக்கு ரத்தம் சேரவில்லை. வரிசை நகர்ந்து அவர் முறை வந்ததும், பொன்முடி போகிற வழியில் கல்லாறு இருக்கிறதல்லவா, அங்கே போய், பாறைக்குப் பாறை கொஞ்சம் மேலே ஏறி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, குப்புறப் படுத்து, ஆடுமாடு மாதிரி வாயை வைத்துக் குடிப்பது.

"பொன்முடி உச்சிக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டேன்.

"உச்சியில என்ன கெடக்கு? காத்து. காத்து எனக்கு வேணும்கிற மட்டும் இருக்கு, வே."

கும்ப மாசத்தில் ஆற்றுக்கால் பொங்கல். அன்றைக்கு இந்த ஊரில் வண்டி ஓடாது. எங்கள் தெருவிலிருந்து சாலைக் கடைத்தெரு தாண்டியும், ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் செங்கல் அடுப்பு கூட்டிப் பானை வைத்திருப்பார்கள். புகையில் கண்ணைத் திறக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லாததால் எங்கள் முறையை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்கள். அதாவது, குடித்த தண்ணீரை இன்னும் ஒரு நாள் உள்ளே சுமக்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்தால் பஞ்சபாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று, அடுப்புகளுக்கு நடுவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆரியசாலைக்கு நடந்தேன். அண்ணாச்சியின் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல். அண்டா அண்டாவாகச் சீரக வெள்ளம், இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டி மோரில் போட்ட சம்பாரம். வருஷா வருஷம் அந்தக் கடையின் வழக்கம். நீளமான கரண்டியோடு அண்டா முன்னால் நின்று ஊற்றிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சியேதான்.

"என்ன சாமி, பொங்கலிட வந்தீரா?"

"உங்களைப் போய் இங்கே நிறுத்தியிருக்காளே அண்ணாச்சி! பூனையைப் பால்காரனாப் போட்ட மாதிரின்னா இருக்கு."

"பூனைதான் சரியா ஊத்தும். மத்தவனுக்குப் பாலோட அருமை தெரியாதுல்லா?" கரண்டி நிற்கவில்லை. "மவன் கடைக்குள்ள போங்கண்ணு சொன்னான். உள்ள போயி என்ன செய்ய? இங்கன நிண்ணா தொண்டையைப் பாக்கலாம்."

"எதை?"

"தொண்டையை. குடிக்கும்போ ஏறி இறங்கும் பாரும்."

நானும் பார்க்க ஆரம்பித்தேன். வெயிலில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து முகம் சிவந்த பெண்கள் வந்து, தம்ளரை அண்ணாந்து, கழுத்து ஏறி இறங்கக் குடித்தார்கள். பயங்கரமான காட்சி. சினிமாவில் இப்படி ஒன்று வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அனுமதி மறுத்துவிடுவார்கள்.

ஒரு நடுவயது அம்மாள் சம்பாரத்தை உதட்டில் ஒற்றிவிட்டு, "ஹாவூ! எந்தொரு குளிர்மை! அம்ருதம் தன்னே அண்ணாச்சீ!" என்றாள். அண்ணாச்சி தலையாட்டினார். அடுத்து வந்தவள் வாங்கினாள், குடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அடுப்புக்குத் திரும்பினாள்.

"ரெண்டுல யாருக்குத் தாகம், சொல்லும்."

"அமிர்தம்ன்னவளுக்கு."

"அதான் நீரு இன்சூரன்ஸ்ல இருக்கீரு. அமிர்தம்ன்னு சொல்ல எடம் இருந்துச்சுன்னா அங்க தாகம் இல்லண்ணு அர்த்தம். நெசமாத் தாகமா வந்தவ பேச மாட்டா." இன்னொரு தம்ளரை நிரப்பினார். "புத்தகத்திலயும் அதாம் சோதனை. காலையில இருந்து கல்லுலயும் முள்ளுலயும் நடந்து வந்தவம் ஓடையைப் பாத்தா என்ன எழுதுவான்? 'குடித்தேன்'. அம்புட்டுதான். கண்ணாடி மாதிரி, தேன் மாதிரி, தேவலோகம் மாதிரின்னு எழுதினவம் லாட்ஜ் ரூம்ல கெடந்து எழுதினவம்."

அவர் உதடு வெடித்திருந்தது. சட்டைப்பையில் உத்தரணி. நான் நின்ற நேரம் முழுவதும் அதை எடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும், அண்டாவில் மிதந்த ஐஸ்கட்டியைக் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கரண்டியை வெறுமனே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த தம்ளர்.

நானோ, புகையையும் தர்மத்தையும் சாக்காக வைத்து, இரண்டு தம்ளர் சம்பாரம் குடித்தேன். ஒளித்து அல்ல, அவர் கையாலேயே வாங்கி. அவர் கொடுத்தார். தடுக்கவில்லை. நான் குடித்தபோது என் தொண்டையைப் பார்த்தார்.

மறுநாள் எடை மேடையில் உண்மை வெளிவந்தது. "ஸ்வாமீ, இதெந்தா இது? ஆனையெ விழுங்கியோ?" என்றாள் சிஸ்டர். அண்ணாச்சி எடை எப்போதும்போல் எழுதி வைத்த மாதிரி. "அண்ணாச்சியெ கண்டு படிக்கு" என்று, அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். அன்று என்னிடமிருந்து அவ்வளவு நீரையும் ஒரே அமர்வில் இழுத்ததில் கெண்டைக்காலில் குரக்குவலி பிடித்து, நான் கத்தின கத்தலில் ஷெர்பாவே மிரண்டிருக்கும். அண்ணாச்சி அவசரமாக ஒரு மடக்கின பக்கத்தைத் தேடி எடுத்து, எந்த மலையிலோ எந்த வெள்ளைக்காரனுக்கோ காலில் குரக்குவலி வந்து, கூட வந்தவன் ஓடை நீரில் காலை முக்கிப் பிடித்துவிட்ட இடத்தை, தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டே போனார். வலி குறையவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

எனக்குச் சிறுநீரகம் கொடுப்பதாக அக்கா சொன்னாள். என் சொந்த அக்கா, கரமனையில் இருக்கிறவள். "சின்ன வயசுல எங்கிட்டேர்ந்து எல்லாத்தையும் பிடுங்கிண்டே. இதை மட்டும் நானே தரேன்" என்றாள். சோதனைகள் எல்லாம் பொருந்தின. தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

இதை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது? நான்கைந்து ஜோக் தயார் பண்ணிக்கொண்டு போனேன். ஒன்றும் வாயில் வரவில்லை. ஊசி குத்தி, இயந்திரம் ஓட ஆரம்பித்து, அவர் புத்தகத்தைத் திறந்த பிறகு, "அண்ணாச்சி, அக்காவோடது சேர்ந்துடுத்து" என்றேன், கூரையைப் பார்த்து.

ஒரு பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு பக்கம்.

"அப்போ நீரு கூடாரத்தைக் காலி பண்ணுதீரு."

"ம்."

"நல்லது. ரெண்டு பேரு ஒரே கயித்துல கட்டிக்கிட்டுக் கெடந்தா ஒருத்தன் வழுக்கினா மத்தவனும் போவான்." புத்தகத்தை மூடினார். "வெளிய போயி மொதல்ல என்ன குடிப்பீரு?"

"பெரிய டபராவில் ஃபில்டர் காபி."

"எந்திரிச்சு வந்து அடிப்பேன், கேட்டீரா. தண்ணி குடியும். கல்லாறுல போயி. குடிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லும். காபியாம்!"

போகிறேன் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது தலைப்பாகை கட்டின புத்தகம் ஒன்றை என் பையில் போட்டார்.

ஆப்பரேஷன் முடிந்து, நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி ஆலோசகர், ஒரு பெண், என் கட்டிலருகே உட்கார்ந்து இனி எப்படி வாழ வேண்டும் என்று சொன்னாள். ஒட்டவைத்த சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். ஆகவே வெளியில் எதையும் நம்பக்கூடாது. மாத்திரை ஆயுசு முழுக்க. தண்ணீர் நிறைய, நிறைய குடிக்க வேண்டும். ஆனால் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் மட்டும். கிணறு, குளம், ஆறு, ஓடை கூடவே கூடாது. கோயில் தீர்த்தமும்.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"எப்பவுமே."

அம்மாவுக்குத் தீர்த்தம்தான் தாங்கவில்லை. "கொதிக்கவெச்சுத் தருவாளான்னு கோயில் மேல்சாந்தியைக் கேட்டுப் பாக்கட்டுமாடா?"

இப்படியாக எனக்குத் தண்ணீர் திரும்பக் கிடைத்தது. போனில் மணி வைத்திருந்தேன்; அடித்தால் ஒரு தம்ளர். அடித்தால் இன்னொன்று. முதல் வாரம் முடிவதற்குள் தாகம் என்ற ஒன்று போயே போய்விட்டது. மாத்திரையோடு சேர்த்து அதுவும் ஒரு மாத்திரை, கொஞ்சம் நீளமானது. உத்தரணியில் நக்கினபோது தண்ணீருக்கு ஒரு ருசி இருந்தது. பித்தளை ருசியோ, வேறென்னவோ. இப்போது ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கொடுத்த புத்தகத்தில் மடக்கின பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டவன் ஓட்டல் விலைப்பட்டியலைப் படிக்கிற மாதிரி இருந்தது. கண் ஓடியது. எங்கேயும் நனையவில்லை.

உயிரோடு இருந்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, பரிசோதனைக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனவன், முகமூடியோடு வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். என் கட்டிலில் வேறு யாரோ. அண்ணாச்சி இளைத்திருந்தார். குரங்குத் தொப்பி கண்ணுக்கு இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார்.

"குடிச்சீரா?"

நலமா, அக்கா நலமா, தையல் ஆறிற்றா, ஒன்றும் கேட்கவில்லை. குடிச்சீரா.

அந்த நேரம் அவரிடம் உண்மையைச் சொல்வதென்றால், இவ்வளவு வருஷமாக அவர் காத்துக்கொண்டிருப்பது வரிசை நகர்ந்தாலும் கிடைக்காது, கொதிக்க வைக்காத ஒரு வாய் அவருக்கு எப்போதும் இல்லை என்று சொல்ல வேண்டும். என் வேலையே பொய்யைக் கண்டுபிடிப்பது. சொல்வதும் கொஞ்சம் கைவரும் என்று நம்பினேன்.

"குடிச்சேன் அண்ணாச்சி. போன வாரம். பஸ்ஸை விட்டு எறங்கி, பாறை பாறையா ஏறினேன். ஒரு கல்லு வழுக்கி முழங்கால் தோல் போச்சு. மேலே, ஈத்த மூங்கில் காட்டு நிழல்ல ஒரு குட்டிப் பள்ளம். அடியில் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குப்புறப் படுத்து வாயை வெச்சேன். பல்லு கூசித்து. இளநீர் மாதிரி ஒரு இனிப்பு, பின்னாடியே கருங்கல் வாசனை. உள்ளே எறங்கினது ஒவ்வொரு எலும்பா குளுந்துண்டே போச்சு. அமிர்தம்னா—"

நிறுத்தினேன். ரொம்ப தாமதமாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தார். திறக்காமலே சிரித்தார்.

"நீரு குடிக்கல, சாமி."

ஷெர்பா சுற்றிக்கொண்டிருந்தான்.

"குடிக்கவும் கூடாதுல்லா? கொதிக்க வெச்சதுதான் குடிக்கணும். வரிசையில பேரு குடுத்த அன்னிக்கே அந்தத் தாளை எங்கிட்டயும் தந்தாச்சு."

"அப்போ தெரியுமா உங்களுக்கு? இத்தனை நாளும் தெரிஞ்சுண்டேவா கல்லாறு கல்லாறுன்னு..."

"தெரிஞ்சா தாகம் போயிருமா, வே?" தொப்பியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "அங்க குடிக்க முடியாதுண்ணு தெரியும். அதான இங்க குடிக்கேன்." புத்தகத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "எவனோ எங்கேயோ நெசமாக் குடிச்சிருக்கான். எனக்கு அது போதும். நீரு ஏன் முழிக்கீரு? ஒக்காரும். அந்தப் பொய்யை மொதல்லேர்ந்து சொல்லும். கல்லு வழுக்குச்சுண்ணீரே, அது நல்லாருந்துச்சு. மூலையை மடக்கிக்கிடுதேன்."

உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். இளநீரை எடுத்துவிட்டேன். அமிர்தத்தையும்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் போன் பண்ணினாள். "ஸ்வாமீ, நம்முடெ அண்ணாச்சி போயி." உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அவள் அழுதாள். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். போனை வைத்த கையோடு மணி அடித்தது. ஒரு தம்ளர் குடித்தேன்.

கூட்டத்துக்குள் போகக்கூடாது என்பதால் அவர் வீட்டில் முகமூடியோடு வாசல் நிலையருகே நின்றேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காசிக்குப் போன யாரோ கொண்டுவந்த கங்கைச் செம்பு, வாய் அடைத்து அலமாரியில் இருந்ததாம், அதை உடைத்தார்கள். அவர் எத்தனையோ பக்கங்களில் மூலை மடக்கின பனிமலையிலிருந்து புறப்பட்ட தண்ணீர்தான். மகன் முதலில் விட்டான். பிறகு மருமகள், தம்பி, தம்பி பிள்ளைகள், கடையில் மூட்டை தூக்குகிறவர்கள். ஒவ்வொருவராகக் குனிந்து அவர் வாயில் ஓர் உத்தரணி. அந்த உத்தரணியேதான், சாலைக் கடைத்தெருவில் வாங்கினது. தண்ணீர் உதட்டோரம் வழிந்து தலையணை நனைந்தது. நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். அளவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு ஜோக்கும் வரவில்லை.

மழை விட்ட பிறகு, பொன்முடி பஸ்ஸில் ஏறிக் கல்லாறில் இறங்கினேன். அம்மா கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு எவர்சில்வர் பாட்டிலில். கையில் அண்ணாச்சியின் புத்தகம். ஆட்கள் குளிக்கிற இடத்தைத் தாண்டிப் பாறை மேல் பாறையாக ஏறினேன். ஏறினேன் என்றால், நான்கு காலில். கீழே குளித்துக்கொண்டிருந்த பையன்கள் என்னைக் கரடி என்று நினைத்திருந்தால் அது கரடிக்கு அவமானம். ஒரு கல் நிஜமாகவே வழுக்கியது. முழங்கால் தோல் போயிற்று. என் பொய் அந்த மட்டில் யோக்கியமாகிவிட்டது.

போனில் மணி அடித்தது. அணைத்துவிட்டு இன்னும் மேலே போனேன். வெயில் ஏறியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது. மறுபடியும் மணி. மறுபடியும் அணைத்தேன். தொண்டையில் ஏதோ சொரசொரத்தது. என்னவென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பழைய சிநேகிதரை வேறு ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.

ஈத்தக்காட்டு ஓரம் ஆள் இல்லாத ஒரு பள்ளம். பாட்டிலின் மூடியை இறுக்கி, இரண்டு கல்லுக்கு நடுவே, ஓடுகிற தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்தி வைத்தேன். அது குளிரும்வரை பாறையில் உட்கார்ந்து மடக்கின பக்கம் ஒன்றைப் படித்தேன். பிறகு எடுத்து, வெளியில் ஒட்டின ஆற்றுநீரைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மூடியைத் திறந்தேன்.

குடித்தேன்.